முதல் கார் 124 பொடி பென்ஸ்: எதிலிருந்து கை வைப்பது?

புதுச்சாவி

வணக்கம். 1994 மொடல் இ200, ஓட்டோ கியர், 124 பொடி ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறேன். இதுதான் முதல் கார். பெயின்ட் பளிச்சென்று இருக்கிறது, உள்ளே மரமும் சீட்டும் பழுதில்லை. ஓட்டிப் பார்த்ததில் தெரிந்த குறைகள் இவை: கியரை டியிலிருந்து ரிவர்ஸுக்கு (ஆர்) மாற்றும்போது அடியில் "டக்" என்று ஒரு சத்தம். கொழும்புக் காலி வீதி ட்ரபிக்கில் ஏ.சி. போட்டபடி நின்றால் சூட்டு முள் 100ஐத் தாண்டப் பார்க்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஐட்லிங் ஏறி இறங்குகிறது. புறப்படும்போது மந்தம், முதல் கியர் விழுவதே இல்லை போல. கியர் மாறும்போது முதுகில் தள்ளுவதுபோல ஓர் அடி. விற்பவர் "சின்னச் சின்ன வேலைதான்" என்கிறார். வாங்கலாமா? வாங்கினால் காசை எந்த ஒழுங்கில் போடுவது?

கிரீஸ்கை

தம்பி, முதல் கியர் விஷயம் பழுதே இல்லை. அந்தக் காரில் இருக்கும் 722.4 கியர்பொக்ஸுக்கு நான்கு கியர். சாதாரணமாக மிதித்தால் இரண்டாம் கியரில்தான் புறப்படும். எக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்தினால்தான் முதல் கியர் விழும். இதைத் தெரியாமல் கியர்பொக்ஸைக் கழற்றிக் காசு பறிக்கிற இடங்கள் உண்டு.

"டக்" சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஃப்ளெக்ஸ் டிஸ்க். கியர்பொக்ஸிலிருந்து பின் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரப்பலர் ஷாஃப்டின் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொன்று, ரப்பரும் நூலும் சேர்த்து வார்த்த தட்டுகள். காரை உயர்த்தி டோர்ச் அடித்துப் பாருங்கள், போல்ட் துளையைச் சுற்றி வெடிப்பு இருந்தால் முடிந்தது கதை. மாற்றும்போது புது நட் போடவேண்டும், பழைய லொக் நட்டைத் திரும்பப் பூட்டக்கூடாது. போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருப்பவேண்டும். போல்ட்டைச் சுழற்றினால் தட்டுக்குள் இருக்கும் உலோகக் குழல் ரப்பரோடு சேர்ந்து முறுகி, புதுத் தட்டு பூட்டின அன்றே பாதி செத்துவிடும். அந்த நேரத்திலேயே நடு பெயரிங்கையும் அதன் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். கியர்பொக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் இறங்கியிருந்தாலும், டிஃபரென்ஷல் மவுன்ட் வெடித்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். அதனால் மூன்றையும் பார்த்தபிறகே சாமான் வாங்கப் போங்கள்.

ஒழுங்கு கேட்டீர்கள். பிரேக், பெற்றோல் ஹோஸ், டயர் முதலில். பிறகு எஞ்சின் வயரிங். பிறகு கூலிங். பிறகு ரப்பர் சாமான்கள். அதற்குப் பிறகு ஏ.சி. பொலிஷும் அலோய் வீலும் கடைசியிலும் கடைசி. கொழும்பில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், பளபளக்கிற கார்கள் ரிகவரி லொறியில் போவது அதனால்தான்.

வாங்கும் விலையில் நான்கில் ஒரு பங்காவது கையில் தனியாக இல்லையென்றால் இந்தக் காரை விடுங்கள். ஒரு சின்ன சுசுக்கியில் பழகுங்கள்.

மல்டிமீற்றர்

1994 என்று கண்டதும் கேட்கவேண்டிய முதற் கேள்வி: எஞ்சின் ஹார்னஸ், அதாவது எஞ்சின் வயர்க்கட்டு, மாற்றியாச்சா?

1992, 93லிருந்து 1995 வரை வந்த பெற்றோல் எஞ்சின்களுக்கு, அதாவது உங்கள் எம்111க்கும் ஆறு சிலிண்டர் எம்104க்கும், மண்ணில் மக்கிப்போகும் வகை இன்சுலேஷன் போட்ட வயரைப் பூட்டினார்கள். சூழலுக்கு நல்லது என்று நினைத்துச் செய்தது. ஆனால் பொனட்டுக்குள்ளேயே மக்கத் தொடங்கிவிட்டது. எஞ்சின் சூட்டில் உறை பிஸ்கட்போல உதிர்ந்து, செம்பு வெறுமையாகி, ஒன்றோடொன்று முட்டும். ஐட்லிங் ஏறி இறங்கும், மிஸ்ஃபயர் வரும், சும்மா இருந்தாற்போல எஞ்சின் நின்றுபோகும். கடைசியில் கட்டுப்பாட்டுப் பெட்டி எரியும். ஜெர்மனியின் குளிரிலேயே உதிர்ந்த வயர், வருடம் முழுக்க 30 பாகையில் நின்று நின்று போகிற கொழும்புக் காரில் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

பார்க்கும் முறை: எஞ்சின் முழுக்க ஆறியிருக்கவேண்டும். ஒரேயொரு வயர் பிளக்கைத் தெரிவுசெய்யுங்கள், கூலன்ட் சென்சர் பிளக் வசதி. அதன் ரப்பர் மூடியை மெல்லப் பின்னுக்கு இழுத்து உள்ளே வயரைப் பாருங்கள். வெடிப்போ, விரலில் பொடியோ கண்டால் போதும், அதற்குமேல் கிண்டவேண்டாம். ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிப் பார்ப்பது நல்லாயிருந்த வயரையும் உடைக்கிற வேலை. ஹார்னஸில் தயாரிப்புத் திகதியோடு ஒரு லேபல் இருக்கும். திகதி 1996க்குப் பிந்தியதென்றால் யாரோ ஏற்கனவே புதுசு போட்டிருக்கிறார்கள். த்ரொட்டில் அக்சுவேட்டருக்குப் போகிற வயரும் அதே சாதிதான், அதைத் தனியாகப் பாருங்கள். ஹார்னஸை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

கெட்டிருந்தால் இரண்டு வழி. புதிய ஹார்னஸ், சேசி நம்பர் கொடுத்து ஏஜன்ட் மூலமோ வெளியிலிருந்தோ எடுப்பிக்கலாம். அல்லது பழையதையே பிளக்குகளை வைத்துக்கொண்டு வயர் வயராகப் புதுப்பிக்கலாம். இரண்டாவதைச் செய்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: 125 பாகையாவது தாங்கும் வாகன வயரா? தடிப்பும் நிறமும் பழையதுபோலவேயா? கிராங்க் சென்சர், லெம்டா சென்சர் பக்கம் உலோக வலை சுற்றிய வயரை அப்படியே வைப்பீர்களா? வீட்டு வயரிங்குக்குப் போடும் பிவிசி வயரின் கணக்கு 70 பாகை. அதைக் கொண்டு பொனட்டுக்குள் வேலை செய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

டேப் சுற்றிச் சமாளிப்பது பற்றி எழுதப்போகிறவர்கள் எழுதவேண்டாம்.

தெஹிவளை டீசல்

அதுதான் சொல்லுறன், பெற்றோலை விட்டுட்டு 200டி இல்லாட்டி 250டி தேடுங்கோ. ஸ்பார்க் பிளக் இல்லை, கொயில் இல்லை, உதிருற ஹார்னஸ் இல்லை. ஓம்601, ஓம்602 ரெண்டும் நேரத்துக்கு ஓயில் மாத்தினா ஐந்து லட்சம் கிலோமீற்றர் ஓடுற எஞ்சின். ஃபியூல் லைன் கண்ணாடிபோல தெரியுற பிளாஸ்டிக், உள்ளுக்குக் குமிழி ஓடினா காற்று இழுக்குது எண்டு கண்ணாலயே காணலாம். ஓ ரிங் மாத்தினா சரி.

கிரீஸ்கை

டீசல் அண்ணன் சொல்வது சரி, ஆனால் பாதி. 200டிக்கு 75 குதிரைவலுதான். நாலு பேரை ஏற்றி ஏ.சி. போட்டு ஓட்டோவில் கடுகண்ணாவை மலையை ஏறும்போது பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடிக்கும்.

இன்னொன்று வக்கூம் (வெற்றிட) பம்ப். பிரேக் பூஸ்டர், எஞ்சின் நிறுத்துவது, சென்ட்ரல் லொக் எல்லாம் அதை நம்பித்தான். ஓம்602, 603இல் பம்ப்பின் உள் பெயரிங் சிதறினால் உருண்டை டைமிங் செயினுக்குள் விழும், எஞ்சினே போய்விடும். அதிலிருந்து தட்டும் சத்தம் கேட்டால் நாளைக்கு என்று தள்ளக்கூடாது. சாவியை எடுத்தபிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் பயப்படவேண்டாம், எங்கோ வக்கூம் லீக். பொனட்டைத் திறந்து, இன்ஜெக்ஷன் பம்ப் பக்கம் "ஸ்டொப்" என்று எழுதிய சின்ன நெம்பை அழுத்தினால் நிற்கும். டீசல் பென்ஸ் வாங்குகிறவர் முதல் நாளே தெரிந்துகொள்ளவேண்டிய இடம் அது.

ஹம்டன்லேன்

எஞ்சின் பற்றி நிறையப் பேசியாச்சு. பொடியைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எஞ்சினைக் கழற்றி மாற்றலாம், துருவை மாற்றமுடியாது.

1989க்குப் பிறகு வந்த 124களில் கதவின் கீழ்ப்பாதியில் பிளாஸ்டிக் பலகைகள் இருக்கும், வடிவமைத்த புரூனோ சாக்கோவின் பெயரால் சாக்கோ பலகை என்பார்கள். அழகு, ஆனால் பின்னால் ஈரமும் மண்ணும் தங்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, மொறட்டுவைப் பக்கம் கடற்காற்றில் வருடக்கணக்காக வெளியில் நின்ற காரென்றால் அதைக் கட்டாயம் நீக்கிப் பார்க்கவேண்டும். ஜக் வைக்கும் துளைகளுக்குச் சின்ன மூடிகள் உண்டு, ஒரு ஸ்குரூ டிரைவரால் நெம்பி உள்ளே விரலை விடுங்கள். இரும்பு தகடு தகடாக உரிந்து வந்தால் பேரம் முடிந்தது என்று எழும்பி வாருங்கள்.

பிறகு முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், கதவின் அடி விளிம்பு, பற்றரி வைக்கும் தட்டு. இந்தக் காரில் பற்றரி எஞ்சினுக்குப் பின்னால், வைப்பருக்குக் கீழே இருக்கிறது. அங்கே நீர் வடியும் துளை இலைச் சருகால் அடைபட்டால் மழைத்தண்ணீர் தேங்கித் தட்டைத் தின்னும். கூரைத் திறப்பு இருந்தால் அதன் வடிகால்களும் அப்படித்தான், அடைபட்டால் தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் இறங்கும்.

டிக்கியில் கம்பளத்தை எடுத்து ஸ்பெயார் டயர் குழியைப் பாருங்கள். சேற்றுக் கோடு, சீட் தண்டவாளத்தில் துரு, பெல்ட்டை முழுக்க இழுத்தால் கடைசிப் பகுதியில் மண் கறை: மூன்றில் இரண்டு இருந்தால் வெள்ளத்தில் நின்ற கார். 2016இல் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எவ்வளவு வாகனம் மூழ்கியது என்பதை மறக்காதீர்கள்.

பேப்பர்: சீ.ஆர். எனும் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் காரில் குத்தியிருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். சேசி நம்பரில் டபிள்யூ.டி.பி.க்குப் பிறகு வருகிற ஆறு இலக்கம் எந்த மொடல் என்று சொல்லும். 124019 என்றால் எம்111 பூட்டிய இ200. 124021 என்று கண்டால் அது பழைய எம்102 எஞ்சின் பூட்டிய 200இ. பதிவில் பெயர் மாற்றாமல் ஓபின் பேப்பரில் கைமாறி வந்த கார் என்றால், பதிவில் உள்ள உரிமையாளரை நேரில் காணாமல் அட்வான்ஸ்கூட வேண்டாம்.

புதுச்சாவி

எல்லாருக்கும் நன்றி. நாளை மறுபடி பார்க்கப் போகிறேன், பிளக் மூடி, ஜக் துளை இரண்டும் பட்டியலில். இதற்கிடையில் கராஜ் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் சூட்டுக்கு இரண்டு யோசனை சொன்னார். தேமஸ்டாட்டைக் கழற்றி வீசினால் போதும், நம் நாட்டுக்கு அது தேவையில்லை. இல்லாவிட்டால் டொயோட்டா டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றினால் ஆயுளுக்கும் தொல்லை இல்லை. இது சரியா?

வத்தளை_லேத்

இரண்டும் பிழை. முதலாவதுக்குக் காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

இந்த எஞ்சினின் தேமஸ்டாட்டில் இரண்டு தட்டு. எஞ்சின் சூடானதும் ஒரு தட்டு ரேடியேட்டருக்கு வழி திறக்கும், மற்றது ரேடியேட்டரைத் தொடாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை மூடும். தேமஸ்டாட்டைக் கழற்றினால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வரும். நெடுஞ்சாலையில் முள் கீழே நிற்கும், ட்ரபிக்கில் முன்னைவிட ஏறும். பாஸ்மார் "கழட்டினேன், இன்னும் சுடுது, ஹெட் கஸ்கெட் போயிட்டுது" என்று அடுத்த பில்லுக்குப் போவது இப்படித்தான்.

நின்றால் சூடு, ஓடினால் சரி என்பது காற்றுப் பிரச்சினை. தண்ணீர்ப் பிரச்சினை என்றால் வேகமாக ஓடும்போதுதான் அதிகம் காட்டும். ஆகவே விசிறியிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிற விசிறியின் கிளச், சூடானதும் பிடிக்கவேண்டும், அப்போது லொறிபோல இரைச்சல் கேட்கும். சூடான எஞ்சினை நிறுத்தியபிறகு விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்றினால் கிளச் போய்விட்டது. ஏ.சி. வாயுவை ஆற்றுகிற கண்டென்சருக்கு முன்னால் இரண்டு மின்விசிறி. ஏ.சி. அழுத்தம் 20 பாருக்குக் கிட்ட ஏறும்போது மெதுவான வேகத்தில் ஓடவேண்டும், கூலன்ட் 105 பாகைக்குக் கிட்டப் போனால் முழு வேகம். மெதுவான வேகம் ஒரு ரெசிஸ்டர் வழியாக வருகிறது. அது எரிந்துபோவது வழக்கம், எரிந்தால் முழு வேகம் வரும்வரை விசிறி அசையாது. உங்கள் காரில் ஏ.சி. போட்டு நிற்கும்போது மட்டும் ஏறுகிறதென்றால் முதல் பந்தயம் அதன்மேல்தான். சென்சர் பிளக்கைக் கழற்றிப் பாலம் போட்டுப் பார்த்தால் மோட்டார் நல்லதா என்று ஐந்து நிமிடத்தில் தெரியும்.

அடுத்தது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. முப்பது வருடத்து இலை, பூச்சி, பொலித்தீன் அங்கே இருக்கும். ரேடியேட்டரை எஞ்சின் பக்கம் சாய்த்துக்கொண்டு தோட்டக் குழாயால் கழுவுங்கள். கார் கழுவும் பிரஷர் வோஷரைக் கிட்டக் கொண்டுபோனால் செட்டைகள் மடங்கி மூடிவிடும்.

ரேடியேட்டரின் பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். மேல் ஹோஸ் மாட்டுகிற கழுத்து வயதுக்கு நொறுங்கும், அது உடையும்போது எச்சரிக்கை தராது, ஒரே வீச்சில் எல்லாத் தண்ணீரும் போகும். எப்போது மாற்றியதென்று தெரியாத ரேடியேட்டர் என்றால் புதுசு போடுங்கள். பெர் கம்பனி சாமான் கிடைத்தால் நல்லது. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், தொட்டி மூடி மூன்றும் சேர்த்து. மூடியில் 140 என்று பதித்திருக்கும், அது 1.4 பார் அழுத்தம். அழுத்தம் குறைந்த வேறு காரின் மூடியைத் திருகிவிட்டால் கொதிநிலை இறங்கும்.

தெஹிவளை டீசல்

கூலன்ட் எல்லாம் பனி விழுற ஊருக்கு. இஞ்ச வடிகட்டின தண்ணி ஊத்தினாப் போதும் எண்டுதான் எல்லாரும் ஓடுறாங்கள்.

வத்தளை_லேத்

எல்லாரும் ஓடுகிறார்கள், அதனால்தான் எங்கள் லேத்துக்குச் சிலிண்டர் ஹெட் வருகிறது. டீசல் அண்ணை, உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை மட்டும். அலுமினிய ஹெட்டையும் வோட்டர் பம்ப்பையும் அரிப்பிலிருந்து காப்பது மற்ற வேலை. வெறும் தண்ணீரில் ஓடிய ஹெட்டைத் திறந்தால் நீர்த் துளைகளைச் சுற்றி எறும்பு அரித்த பலகைபோல இருக்கும், கஸ்கெட் உட்காரத் தட்டையான இடமே இராது. நிரப்பி, மெஷின் பண்ணி எடுக்கிற செலவுக்குப் பத்து வருடத்துக்குக் கூலன்ட் வாங்கலாம்.

ஜி48 வகைக் கூலன்ட், நீலமோ நீலப்பச்சையோ. நிறத்தை நம்பாமல் கலனில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சரிபாதி காய்ச்சி வடித்த தண்ணீர். சுமார் 4 லீட்டர் கலக்காத கூலன்டும் 4 லீட்டர் தண்ணீரும் வாங்கி வைத்தால் இந்த எஞ்சினுக்குப் பெரும்பாலும் போதும். பழையதை வடிக்கும்போது ரேடியேட்டரில் மட்டும் வடித்தால் பாதி உள்ளே நிற்கும், புளொக்கிலும் ஒரு வடிகால் திருகு உண்டு. தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து நிரப்புங்கள், காற்று வெளியேறும். ஹீட்டர் வேண்டாம் என்று அதன் ஹோஸை யாராவது குறுக்கே கட்டி வைத்திருந்தால் அதையும் பழையபடி பூட்டுங்கள்.

ஹம்டன்லேன்

டொயோட்டா எஞ்சின் விஷயம்: ஏற்றலாம், ஓடும். ஆனால் எஞ்சின் நம்பர் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்தவேண்டும், டீசலாக மாற்றினால் எரிபொருள் வகையையும். அதைச் செய்யாமல் விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் கையை விரிப்பார். திரும்ப விற்கப்போனால் பாதி விலை. கியர்பொக்ஸ் மவுன்ட், புரப்பலர் ஷாஃப்ட், ஏ.சி. பிராக்கெட், மீற்றர் எல்லாம் கைவேலை. அடுத்த பாஸுக்கு எது எங்கிருந்து வந்ததென்றே தெரியாது. முதல் கார் வாங்குகிறவருக்கு அதைப்போல ஒரு தண்டனை வேண்டியதில்லை.

சங்கராஜமாவத்தை

சாமான் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது "124 பொடிக்குப் போல் ஜொயின்ட்" என்று கேட்காதீர்கள். சேசி நம்பரை வைத்து இணையத்தில் பார்ட் நம்பரைத் தேடி எழுதிக்கொண்டு போங்கள். கடைக்காரர் முகமே மாறும், விலையும்தான்.

பழைய சாமானாக எதை வாங்கலாம்: கதவு, கண்ணாடி, விளக்கு, சுவிட்ச், சீட், மரப்பலகை, ஒல்டர்னேட்டர் கூடு. தெல்கந்தையிலும் ஒருகொடவத்தையிலும் தேடினால் அகப்படும். எதை வாங்கவே கூடாது: ரப்பர் எதுவும், ஹோஸ் எதுவும், பிரேக் சாமான், போல் ஜொயின்ட், எஞ்சின் ஹார்னஸ். கழற்றின ஹார்னஸும் உங்களுடையதுபோலவே உதிர்கிற சாதிதான், யாரோ வீசியதைக் காசு கொடுத்து வாங்குவானேன்.

புதுசில் லெம்ஃபோர்டர், சாக்ஸ், போஷ், கோர்டெக்கோ, எல்ரிங், மான் நம்பலாம். ஆனால் பெட்டி பேசாது, சாமான்தான் பேசும். பென்ஸுக்கே செய்து கொடுக்கிற கம்பனி அதே சாமானைத் தன் பெட்டியில் விற்கும்போது நட்சத்திரச் சின்னத்தை அரைத்து அழித்திருக்கும், அந்தத் தேய்த்த தடம் நல்ல அடையாளம். வார்ப்பு விளிம்பு பிசிறோடு, ரப்பர் பளபளவென்று, எழுத்து மங்கலாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பென்ஸ் ஏஜன்டான டிமோவில் விலை கூட என்று கேட்காமலே விடாதீர்கள். சில சின்ன சாமான்கள், கிளிப், சீல், குழாய் வளையம் போன்றவை, தெருவிலுள்ள போலியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இராது. ஸ்பார்க் பிளக் வாங்கும்போது ஒன்று: இந்த எஞ்சினுக்கு ரெசிஸ்டர் இல்லாத பிளக், போஷ் எஃப்8டிசி4 போல. தடை ஏற்கனவே பிளக் மூடியில் இருக்கிறது. எஃப் எழுத்துக்குப் பக்கத்தில் ஆர் இருந்தால் ரெசிஸ்டர் பிளக். கடைக்காரர் "இது இன்னும் நல்லது, இரிடியம்" என்பார். வேண்டாம். இடைவெளி 0.8 மில்லிமீற்றர்.

கிரீஸ்கை

முன் சஸ்பென்ஷனில் கை வைக்கப்போகிற எல்லாருக்கும், குறிப்பாக வீட்டு முற்றத்தில் வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு: 124இன் முன் ஸ்பிரிங் ஷொக் அப்சோர்பரைச் சுற்றி இல்லை. சில்லைப் பிடித்திருக்கும் கீழ்க் கைக்கும் (லோவர் ஆர்ம்) சேசிக்கும் நடுவில் தனியாக அமுங்கி நிற்கிறது. சில்லுத் தொங்கும்போது அந்தக் கை மேலும் இறங்காமல் பிடித்து வைத்திருப்பது ஷொக்தான். கீழே ஜக் கொடுக்காமல் ஷொக்கின் மேல் நட்டைக் கழற்றினால் கை விழும், ஸ்பிரிங் பறக்கும். ஆளைக் கொல்லும். ஸ்பிரிங்கை எடுக்க, உள்ளே தட்டு விட்டு அமுக்குகிற கருவிதான் வேண்டும்; வெளியே கொக்கி போடுகிற ஜப்பான் கார் கருவி இதற்கு ஆகாது. இந்த வேலையை மட்டும் கருவி உள்ள இடத்துக்குக் கொடுங்கள்.

கொடுத்தாலும் பக்கத்தில் நின்று ஒன்று பாருங்கள். கீழ்க் கையின் ரப்பர் புஷ்களின் போல்ட்டை, கார் தன் பாரத்தில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கவேண்டும். சில்லுத் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுகிய நிலையிலேயே பூட்டப்படும், ஓடும்போதெல்லாம் ரப்பர் கிழிபடும். "புதுப் புஷ் ஆறு மாதத்தில் போயிட்டுது, சாமான் சரியில்லை" என்கிற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம்.

ஸ்டியரிங் ஆடினால் பெட்டியின் திருகை இறுக்க விடாதீர்கள். முதலில் ஐட்லர் ஆர்ம் புஷ், மலிவான சாமான். பிறகு ட்ராக் லிங்க், டை ரொட், ஸ்டியரிங் டாம்பர். எஞ்சின் மவுன்ட் இரண்டும் கியர்பொக்ஸ் மவுன்டும் ஒன்றாக மாற்றுங்கள். எஞ்சின் ஓயில் மவுன்ட்டில் சொட்டினால் லீக்கை முதலில், மவுன்ட்டைப் பிறகு.

புதுச்சாவி

பார்த்துவிட்டு வந்தேன். ஹார்னஸ் லேபலில் 1999 என்று இருக்கிறது, வயர் வளைத்தாலும் வெடிக்கவில்லை. ஜக் துளை நான்கும் திடம். வலது பின்கதவின் அடியில் மட்டும் சின்னத் துரு. ஏ.சி. போட்டபோது முன்விசிறிகள் அசையவில்லை, லேத் அண்ணா சொன்னதுபோல. பெற்றோல் ஃபில்டர் பக்கம் ஹோஸ்களில் வெடிப்பு. கியர்பொக்ஸிலிருந்து எஞ்சினுக்குப் போகிற மெல்லிய வக்கூம் குழாயைக் கழற்றியபோது உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தது. கியர்பொக்ஸ் போச்சா?

கிரீஸ்கை

போகவில்லை. அந்தக் குழாய் மொடுலேட்டருக்குப் போவது. எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று கியர்பொக்ஸுக்குச் சொல்கிற தோல் ஒன்று அதற்குள் இருக்கிறது, அது கிழிந்து கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரிக்கிறது. முதுகில் தள்ளுகிற அடியும் அதால்தான், ஐட்லிங் ஏறி இறங்குவதில் ஒரு பங்கும் அதால் இருக்கலாம். கியர்பொக்ஸை இறக்காமலே மொடுலேட்டரை மாற்றலாம். பழையதன் திருகு எத்தனை சுற்றில் இருக்கிறதென்று குறித்துவிட்டுக் கழற்றுங்கள். பேரம் பேசும்போது இந்தச் சிவப்பு எண்ணெயை விற்பவருக்குக் காட்டுங்கள்.

கையோடு ஏ.டி.எஃப். எனும் ஓட்டோ கியர் எண்ணெயை மாற்றுங்கள். கியர்பொக்ஸின் அடித்தட்டில் ஒரு வடிகால் திருகு, டோர்க் கொன்வேர்ட்டரில் இன்னொன்று. பின்னதை எஞ்சினைக் கிராங்க் நட்டால் மெல்லச் சுழற்றித் துளைக்கு நேரே கொண்டுவரவேண்டும். தட்டைக் கழற்றி ஃபில்டரும் கஸ்கெட்டும் புதுசு. முதலில் 4 லீட்டர் ஊற்றி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. எல்லாமாக 6 லீட்டருக்குக் கிட்டப் பிடிக்கும், டெக்ஸ்ரன் வகை. அளவு பார்ப்பது எண்ணெய் 80 பாகைக்குச் சூடானபிறகு, கியர் பார்க்கில் (பி), எஞ்சின் ஓடும்போது. டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் நடுவில் 0.3 லீட்டர்தான், ஆகவே போத்தலைக் கவிழ்க்காதீர்கள். பழைய பனியன் துணியால் டிப்ஸ்டிக்கைத் துடைக்கவேண்டாம், அதன் நூல் வால்வுகளில் போய்ச் சிக்கும்.

மல்டிமீற்றர்

ஐட்லிங்குக்கு இன்னொரு குழாயும் பாருங்கள். உங்கள் இ200இல் காற்றை அளக்கும் சென்சர் கிடையாது. இன்டேக்கிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிவரை ஒரு மெல்லிய வக்கூம் குழாய் போகும், அழுத்தத்தைப் பெட்டி அதன் வழியாகத்தான் அளக்கிறது. அதன் முனை ரப்பர் வெடித்தால் பெட்டி பெற்றோலை அள்ளி ஊற்றும், கறுப்புப் புகை வரும், புகைப் பரிசோதனையில் விழும். விழுந்தால் வருமான அனுமதிப்பத்திரமும் இல்லை. ரப்பர் முனையின் விலை ஒரு பிளேன்ரீக்குக் கிட்ட.

பியூஸ்கள் பழைய மாதிரி, இரண்டு முனையும் கூரானவை. ஈரக்காற்றில் முனை பூத்துப்போய் தொடர்பு விடும். வருடத்துக்கொரு தடவை ஒவ்வொன்றையும் விரலால் சுழற்றிவிடுங்கள், அலுமினிய வகை இருந்தால் செப்பு வகைக்கு மாற்றுங்கள். பாதி "மின்சாரக் கோளாறு" அதோடு தீரும்.

சங்கராஜமாவத்தை

ஏ.சி. குளிர் போதவில்லை என்றால் காஸ் அடிக்கமுன் நைட்ரஜன் போட்டு லீக் பார்க்கச் சொல்லுங்கள். லீக், காற்றைக் குளிர்விக்கிற எவப்பொரேட்டரில் என்றால் முழு டாஷ்போர்டும் வெளியே வரவேண்டும், கூலிதான் செலவு. அது வாங்கும் விலையில் கழிக்கவேண்டிய தொகை, பிறகு பார்க்கலாம் என்று விடுகிற தொகை அல்ல.

புதுச்சாவி

மொடுலேட்டர், விசிறி ரெசிஸ்டர், பெற்றோல் ஹோஸ், ஃப்ளெக்ஸ் டிஸ்க் நான்கையும் எழுதி விற்பவரிடம் கொடுத்தேன், விலை இறங்கியிருக்கிறது. டயர் பக்கவாட்டில் 1117 என்று இருக்கிறது, கட்டை (ட்ரெட்) நிறையவே உண்டு. வைத்துக்கொள்ளலாமா?

கிரீஸ்கை

2017இன் 11ஆம் வாரம் செய்த டயர். கட்டை இருந்தாலும் ரப்பர் கிழடு, மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். நான்கும் மாற்றுங்கள், 195/65 ஆர்15. வீல் போல்ட்டை கடைக்காரர் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள், டோர்க் ரென்ச்சில் 110 நியூட்டன் மீற்றர், 50 கிலோமீற்றர் ஓடியபிறகு இன்னொரு தரம். பெற்றோல் ஹோஸ் மாற்றும்வரை அந்தக் காரை வீட்டு கராஜுக்குள் விடவேண்டாம், வெளியில் நிறுத்துங்கள்.